சுரத்கல்லில் நாம் வெளியாள், காரைக்காலிலும்தான்

பிள்ளைக்கு வெளிமாநிலத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஜே.இ.இ. என்ற மத்தியப் பொறியியல் நுழைவுத் தேர்வின் ரேங்கை அல்ல. பன்னிரண்டாம் வகுப்பை எந்த மாநிலத்துப் பள்ளியில் படித்துத் தேறினான் என்பதைத்தான். ரேங்க் அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கும் தகப்பனாருக்கு இது அபத்தமாகத் தோன்றும். "நாங்கள் நான்கு தலைமுறையாக மதுரைக்காரர்கள்" என்று சிலர் சற்றுக் கோபமாகவே சொல்வார்கள். நான்கு தலைமுறையை என்.ஐ.டி. என்ற மத்திய அரசுப் பொறியியல் கல்லூரி கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. பள்ளிக்கூடம் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதை மட்டும் பார்க்கிறது.

திருநகரில் ஒரு சிறிய கணினி மையம் நடத்துகிறேன். ஆண்டில் பெரும்பாலான நாட்கள் ஜெராக்ஸ், பட்டா நகல், ரயில் டிக்கெட், பாஸ்போர்ட் விண்ணப்பம் என்று போய்விடும். மே முதல் ஜூலை வரை மட்டும் கடையில் கல்லூரிப் பேச்சைத் தவிர வேறு பேச்சு இருக்காது. நான் கல்வி ஆலோசகன் இல்லை. அப்படிப் பலகை மாட்டியிருப்பவர்களில் சிலரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆனால் விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தைத் தப்பாக நிரப்பிவிட்டால் நாளைக்கு அந்தக் குடும்பத்தின் முகத்தில் விழிக்க வேண்டியவன் நான் என்பதால், ஆண்டுதோறும் விதிமுறைப் புத்தகத்தை வரிவிடாமல் படித்துவிடுவது வழக்கம். அதில் தெரிந்துகொண்டதையும் எதிரே உட்கார்ந்த குடும்பங்களிடம் பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

வெளிமாநிலம் என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். சேர்க்கை விதிகளில் அது ஒன்றல்ல.

23 ஐ.ஐ.டி.களில் மாநிலக் கணக்கே கிடையாது. சென்னை ஐ.ஐ.டி.யில் மதுரைப் பையனுக்கு இருக்கும் உரிமை பாட்னாப் பையனுக்கும் அப்படியே உண்டு. ஐ.ஐ.ஐ.டி. எனப்படும் தகவல் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் பெரும்பாலும் இதே கதைதான். திருச்சியிலும் காஞ்சிபுரத்திலும் இருப்பவை நம் மண்ணில் இருக்கின்றனவே தவிர, நமக்கென்று அங்கே தனி இடம் ஒதுக்கப்படவில்லை. அதே காரணத்தால் கோட்டயத்திலும் தார்வாடிலும் கர்நூலிலும் இருக்கும் ஐ.ஐ.ஐ.டி.களில் நாம் வெளியாட்களும் இல்லை. இந்த இடங்களைப் பொறுத்தவரை வெளிமாநிலம் என்ற பயமே வேண்டாம். ரேங்க் எதுவோ அதுதான் கணக்கு.

சிக்கல் 31 என்.ஐ.டி.களில் இருக்கிறது. இங்கே பாதி இடம் அந்தந்த மாநிலத்துக்கு, பாதி இடம் மற்றவர்களுக்கு. பட்டியலில் எச்.எஸ். (சொந்த மாநிலம்), ஓ.எஸ். (பிற மாநிலம்) என்று இரண்டு எழுத்தில் போட்டிருப்பார்கள். திருச்சியில் நாம் எச்.எஸ். மீதமுள்ள 30 ஊர்களிலும் ஓ.எஸ். கர்நாடகத்தின் சுரத்கல், கேரளத்தின் கோழிக்கோடு, தெலங்கானாவின் வாரங்கல் என்று தென் மாநிலங்களில் இருப்பவையும் அதில் அடக்கம். காரைக்காலும் அடக்கம் என்று சொன்னால்தான் யாரும் நம்புவதில்லை. சுற்றிலும் நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள், தெருவில் தமிழ், மதுரையிலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்பிவிடலாம். ஆனாலும் அது புதுச்சேரி என்.ஐ.டி. நம் பிள்ளை அங்கே வெளிமாநிலத்துப் பிள்ளை.

ஓ.எஸ். என்றால் எவ்வளவு இடம் என்பதைத் தாளில் போட்டுக் காட்டினால்தான் மனதில் நிற்கும். நான் எப்போதும் ஒரு பில் தாளின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டுவேன். கம்ப்யூட்டர் சயின்ஸில் 100 இடம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 50 உள்ளூருக்குப் போய்விட்டது. மிச்சம் 50. அதில் ஓ.பி.சி. எனப்படும் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம், எஸ்.சி.க்கு 15, எஸ்.டி.க்கு 7.5, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10. எல்லாம் கழித்தால் பொதுப்போட்டிக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 20 இடம். ஓ.பி.சி.க்கு 13 அல்லது 14. அந்த 20 இடத்துக்கு 27 மாநிலங்களும் 8 யூனியன் பிரதேசங்களும் வரிசையில் நிற்கின்றன. அந்த வரிசையில் கம்ப்யூட்டர் சயின்ஸைத்தான் எல்லாரும் முதலில் எழுதுகிறார்கள். சிவில், உலோகவியல் போன்ற பிரிவுகளில் ஓ.எஸ். கதவு இவ்வளவு இறுக்கமாக இருப்பதில்லை.

திருச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2003இல் என்.ஐ.டி. ஆனது. அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் பொதுப்பிரிவு, வெளிமாநிலத்தவருக்கு ஆயிரமாவது ரேங்கைச் சுற்றியே கதவைச் சாத்திவிடுகிறது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கோ சில ஆயிரங்கள் தள்ளியும் திறந்திருக்கிறது. ஒரே வகுப்பறை, ஒரே ஆசிரியர், ஒரே பட்டம். இடைவெளி மட்டும் அத்தனை.

ஏன் இவ்வளவு இடைவெளி? என் எண்ணம் இது. தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். 2006இல் சட்டம் வந்தது. அதிலிருந்து பிளஸ் டூவின் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களை 200க்குக் கணக்கிட்டுத்தான் அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்குப் போகிறார்கள். அந்த வழி அகலமாக இருப்பதால் ஜே.இ.இ.க்கென்று உயிரைக் கொடுத்துப் படிப்பவர்கள் இங்கே குறைவு. போட்டி மெலிந்த இடத்தில் உள்ளூர் ஒதுக்கீடு தாராளமாக இருக்கிறது. இதை நம்மவர்கள் பலவீனமாக நினைத்துக் கூச்சப்படுகிறார்கள். எனக்கென்னவோ இது தமிழ்நாட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த பெரிய சலுகை என்றே படுகிறது. சலுகை இருக்கிறது என்று தெரியாமலேயே பலர் அதைக் கைநழுவ விடுகிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

நழுவ விடுவது பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு நடந்துவிடுகிறது.

அண்ணா நகரில் வன்பொருள் கடை வைத்திருக்கும் ஒருவர், மகனைப் பத்தாம் வகுப்பு முடிந்ததும் ஹைதராபாத்தில் ஒரு பயிற்சி நிறுவனத்தின் விடுதியில் சேர்த்தார். பள்ளியும் பயிற்சியும் ஒரே வளாகத்தில். காலை ஐந்தரை மணிக்கு எழுப்பிவிட்டால் இரவு பத்து மணிவரை படிப்பு. பையன் புத்திசாலி, பிள்ளைக்கு உழைப்பும் இருந்தது. இரண்டு ஆண்டுக்குப் பின் நல்ல ரேங்கோடு திரும்பி வந்தான். தகப்பனார் முன்பே திருச்சி என்.ஐ.டி.யின் பழைய பட்டியலை அச்செடுத்து வைத்திருந்தார். எச்.எஸ். வரிசையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி ரேங்குக்குள் மகன் வசதியாக இருந்தான். இனிப்பு வாங்கிக்கொண்டுதான் கடைக்கு வந்தார்.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களை ஒதுக்கும் மத்தியக் கவுன்சலிங்கான ஜோசாவின் விண்ணப்பத்தைத் திறந்தால், தகுதி மாநிலம் என்ற கட்டத்தில் தெலங்கானா. பையன் இன்டர்மீடியட் எனப்படும் அந்த ஊர் பிளஸ் டூவை எழுதித் தேறியது அங்கே. திருச்சியில் அவன் இனி வெளிமாநிலத்தவன். எச்.எஸ். வரிசையில் வசதியாகத் தெரிந்த அதே ரேங்க், ஓ.எஸ். வரிசையில் எட்டவில்லை. வாரங்கலில் அவனுக்கு உள்ளூர் உரிமை உண்டு. ஆனால் அங்கே உள்ளூர்ப் பிள்ளைகளே எட்டாம் வகுப்பிலிருந்து ஜே.இ.இ.க்குத் தயாராகிறவர்கள். அந்த உள்ளூர் ஒதுக்கீட்டிலும் அவனுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவில்லை. "அண்ணே, ஆதார் அட்டையில் மதுரை முகவரிதானே இருக்கிறது, அதைக் காட்டினால் மாற்ற மாட்டார்களா?" என்று கேட்டார். மாற்ற மாட்டார்கள். ஆதார், ரேஷன் அட்டை, வீட்டுப் பத்திரம், எதுவும் இந்தக் கட்டத்தை அசைக்காது. ஜே.இ.இ. தேர்வை மதுரை மையத்தில் எழுதியிருந்தாலும் அசையாது.

தமிழ்நாட்டுக் கவுன்சலிங்குக்கு வந்தாலும் வேலை இருக்கிறது. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை இங்கேயே படித்தவர்களுக்குக் கேள்வியே இல்லை. இடையில் வெளியே போனவர்கள் தாலுகா அலுவலகத்தில் நேட்டிவிட்டி சான்றிதழ் வாங்க வேண்டும். அவர் வாங்கினார், கவுன்சலிங்கிலும் கலந்துகொண்டார்கள். ஆக, இங்கே ஒரு வழி மிச்சமிருந்தது. ஆனால் இரண்டு ஆண்டு விடுதிக் கட்டணம் எதற்காகக் கட்டினாரோ அந்தத் திருச்சி போய்விட்டது. சேர்க்கும்போது அந்தப் பயிற்சி நிறுவனத்தின் மதுரை முகவர் இந்த விதியைச் சொன்னாரா என்று கேட்டேன். சொல்லவில்லை. அவர் ஏன் சொல்வார்!

டெல்லியிலும் இதே முறைதான். டெல்லி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற டெல்லி அரசின் கல்லூரிகளில் 85 சதவீதம் டெல்லிப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு. மீதி 15தான் மற்ற இந்தியாவுக்கு. வடக்கே போய்ப் படிக்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் இந்த 15ஐ ஒரு கணம் உற்றுப் பார்க்க வேண்டும்.

அடுத்தது சான்றிதழ். இதில் தடுமாறுவது பெரும்பாலும் உசிலம்பட்டி, செக்கானூரணி, பேரையூர்ப் பக்கத்துக் குடும்பங்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் மகளோடு வந்தார். பிளாஸ்டிக் கோப்பில் எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தது. சாதிச் சான்றிதழை லாமினேட் செய்து வைத்திருந்தார், ஓரங்கள்கூட மடங்கவில்லை. சீர்மரபினர். தமிழ்நாட்டில் மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் சேர்ந்து 20 சதவீத ஒதுக்கீட்டில் வருகிறார்கள். "இந்த 20 சதவீதம் சுரத்கல்லிலும் உண்டுதானே சார்?" என்றார்.

இல்லை. மாநில எல்லையைத் தாண்டியதும் நம்முடைய 69 சதவீத ஒதுக்கீட்டுப் பகுப்பு மொத்தமும் கலைந்துவிடுகிறது. பிற்படுத்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் என்று இங்கே தனித்தனியாக இருப்பவர்கள், மத்தியப் பட்டியலில் தங்கள் பெயர் இருந்தால், அங்கே ஓ.பி.சி. என்ற ஒரே 27 சதவீதத்துக்குள் போகிறார்கள். திருச்சி என்.ஐ.டி.யும் மத்திய நிறுவனம் என்பதால் அங்கும் அதேதான். அருந்ததியருக்கு இங்கே இருக்கும் 3 சதவீத உள் ஒதுக்கீடும் இந்த மத்திய நிறுவனங்களில் இல்லை.

அத்தோடு லாமினேட் செய்த சான்றிதழ் போதாது. வளமான பிரிவினர் அல்லாத ஓ.பி.சி. என்று மத்திய அரசின் படிவத்தில், அந்த ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதியோ அதற்குப் பின்னோ வழங்கிய சான்றிதழ் வேண்டும். அவர் கோப்பின் கடைசி உறையில் அதுவும் இருந்தது! எனக்கே நிம்மதியாக இருந்தது. தேதியைப் பார்த்தேன்: பிப்ரவரி. ஜே.இ.இ. விண்ணப்பத்துக்காக யாரோ முன்கூட்டியே வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கே ஈ-சேவையில் புதிதாக விண்ணப்பித்தோம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று மேசை தாண்டி வரவேண்டும். அந்த நாட்களில் அவர் மூன்று மேசைக்கும் நேரில் போய் நின்றார். சான்றிதழ் வந்தது. வராமல் போயிருந்தால் அந்தப் பெண் பொதுப்பிரிவில் போட்டியிட வேண்டியிருந்திருக்கும்.

இன்னொன்று. வருமானம் 8 லட்சத்தைத் தாண்டினால் ஓ.பி.சி. சான்றிதழ் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டு விண்ணப்பிக்காமலேயே இருக்கும் அரசு ஊழியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த 8 லட்சக் கணக்கில் சம்பளமும் வேளாண்மை வருமானமும் சேராது. அவர்களின் பதவி எந்த நிலையில் இருக்கிறது என்பது தனிக் கேள்வி. பக்கத்து மேசைக்காரர் சொன்னதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம், விண்ணப்பித்துவிடுங்கள்.

இனி ரேங்க்.

99 பெர்சென்டைல் என்று சொல்லும்போது பெற்றோர் குரலில் ஒரு பெருமை இருக்கும், நியாயமான பெருமைதான். ஆனால் ஜே.இ.இ. மெயின் எழுதுகிறவர்கள் இப்போது 14 லட்சத்துக்கு மேல். அதில் முதல் ஒரு சதவீதம் என்றாலே 14,000 பேர். 99 பெர்சென்டைல் என்பது அந்த 14,000த்தின் வால் பகுதி. சுரத்கல் கம்ப்யூட்டர் சயின்ஸ் பொதுப்பிரிவுக்கு அது காணாது. இதைச் சொல்லும்போது முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்துச் சொல்லிவிடுவேன்.

முந்தைய ஆண்டுகளின் தொடக்க ரேங்க், முடிவு ரேங்க் (முதலிலும் கடைசியிலும் இடம் பெற்றவரின் ரேங்க்) எல்லாவற்றையும் ஜோசா தன் இணையதளத்திலேயே வெளியிட்டிருக்கிறது. காசு கொடுத்து யாரிடமும் வாங்க வேண்டியதில்லை. நிறுவனம், பாடப்பிரிவு, ஒதுக்கீடு, இடத்தின் வகை, பாலினம், தொடக்க ரேங்க், முடிவு ரேங்க் என்று வரிசையாகக் கட்டங்கள். மேலூரிலிருந்து வந்த ஒரு பெண் இதை என்னைவிட வேகமாகப் படித்தாள். தகப்பனார் ஓ.பி.சி. வரியில் இருந்த எண்ணைக் காட்டி, "இது மூவாயிரம், உனக்குப் பதினோராயிரம், கிடைக்காது" என்று எழுந்துவிட்டார். "அப்பா, உட்காருங்கள். அது ஓ.பி.சி. ரேங்க். நீங்கள் சொல்வது என் பொது ரேங்க்" என்றாள். ரேங்க் அட்டையில் இரண்டும் தனித்தனியாக அச்சாகியிருக்கும். ஓ.பி.சி. வரியில் இருக்கும் எண்ணோடு ஓ.பி.சி. ரேங்கைத்தான் ஒப்பிட வேண்டும். இந்த ஒரு குழப்பத்தால் கதவு திறந்திருக்கும்போதே திரும்பிப் போனவர்கள் உண்டு. கதவு சாத்தியிருக்கும்போது நம்பிக்கையோடு காத்திருந்தவர்களும் உண்டு.

அவளே அடுத்த வரியையும் காட்டினாள். 2018 முதல் என்.ஐ.டி.களிலும் ஐ.ஐ.டி.களிலும் பெண்களுக்கென்று கூடுதல் இடங்கள் உருவாக்கியிருக்கிறார்கள். பட்டியலில் பெண்கள் மட்டும் என்று தனி வரி வரும். அதன் முடிவு ரேங்க் பொதுவாகச் சற்றுத் தள்ளியே இருக்கும். பெண் பிள்ளை இரண்டு வரிகளிலும் போட்டியிடலாம். பார்க்கும்போது கடைசிச் சுற்றின் பட்டியலைப் பாருங்கள், முதல் சுற்றை அல்ல. ஓராண்டைப் பார்த்து முடிவுகட்டாமல் மூன்றாண்டுகளைப் பாருங்கள். மூன்று ஆண்டும் உங்கள் ரேங்க் உள்ளே இருந்தால் வாய்ப்பு உண்டு. ஓராண்டு உள்ளே, ஈராண்டு வெளியே என்றால் எழுதி வையுங்கள், நம்பி இருக்காதீர்கள். இதற்கு மேல் எந்த நிபுணரும் சதவீதம் சொல்ல முடியாது. சொல்கிறவர் கட்டணம் வாங்கப்போகிறார்.

விருப்ப வரிசை எழுதும்போது ஒரு வேண்டாத சாமர்த்தியத்தைப் பார்க்கிறேன். கிடைக்காத கல்லூரியை முதலில் எழுதினால் கிடைக்கக்கூடியது பறிபோகும் என்று பயந்து, பிடித்ததைக் கீழே தள்ளிவிடுகிறார்கள். அந்தப் பயத்துக்கு இடமே இல்லை. மேலே எழுதியது கிடைக்காவிட்டால், கீழே எழுதியதில் உங்கள் உரிமை ஒரு துளியும் குறையாது. ஆசைப்பட்ட வரிசையிலேயே எழுதுங்கள். கிடைத்த பிறகு ஃப்ரீஸ், ஃப்ளோட், ஸ்லைடு என்று மூன்று வழி கேட்கும். போதும் என்றால் ஃப்ரீஸ். மேலே எழுதிய எந்தக் கல்லூரி வந்தாலும் மாறிக்கொள்வேன் என்றால் ஃப்ளோட். அதே கல்லூரியில் வேறு பிரிவு வந்தால் மட்டும் மாறுவேன் என்றால் ஸ்லைடு. ஃப்ளோட் கொடுத்தால் கையில் இருப்பது போய்விடுமோ என்று கேட்பார்கள். மேலே உள்ளது கிடைத்தால்தான் போகும்.

என் அக்கா அமெரிக்காவில், ஓரிகன் மாநிலத்தில் இருக்கிறார். அக்கா மகளுக்குப் பக்கத்து மாநிலமான வாஷிங்டனில், சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆசை. வாட்ஸ்அப்பில் ஒருநாள், "மாமா, எங்களுக்கும் உங்கள் கோட்டா சண்டை உண்டு" என்று சிரித்தாள். கேட்கக் கேட்க ஆச்சரியமாக இருந்தது. அங்கே மாநிலப் பல்கலைக்கழகங்கள் அந்தந்த மாநில மக்களின் வரியில் வளர்ந்தவை. ஆகவே சொந்தப் பிள்ளைக்குத்தான் முன்னுரிமை. டெக்சாஸில் 1997இல் ஒரு சட்டமே போட்டார்கள். பள்ளியில் முதல் 10 சதவீதத்தில் வரும் மாநிலப் பிள்ளைகளுக்கு இடம் உறுதி. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கூட்டம் தாங்காமல் அது 6 சதவீதமாகச் சுருங்கி, 2026இல் சேர்பவர்களுக்கு 5 ஆகிறது. புதிதாகச் சேர்வோரில் 90 சதவீதம் டெக்சாஸ்காரர்கள். மிச்சத்தில்தான் மற்ற 49 மாநிலங்களும் வெளிநாடுகளும். கலிஃபோர்னியா 2017இல் தன் பல்கலைக்கழக அமைப்பில் வெளியாருக்கு 18 சதவீதம் என்று வரம்பு கட்டியது. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் போன்ற, ஏற்கனவே அதைத் தாண்டியிருந்த வளாகங்களுக்கு மட்டும் அப்போதிருந்த அளவே வரம்பானது.

இரண்டு இடத்தில் நம் முறைக்கும் அவர்கள் முறைக்கும் வேறுபாடு. அங்கே சொந்த மாநிலம் என்பதைப் பொதுவாகப் பெற்றோர் குடியிருக்கும் இடம் தீர்மானிக்கிறது, பள்ளிக்கூடம் அல்ல. நம் வன்பொருள் கடைக்காரர் அமெரிக்காவில் இருந்திருந்தால் தப்பித்திருப்பார். இன்னொன்று பணம். சியாட்டிலில் வெளிமாநிலப் பிள்ளையின் கல்விக் கட்டணம் உள்ளூர்ப் பிள்ளையுடையதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். வெளியாள் அங்கே கறவை மாடு. இவ்வளவு கொடுக்கத் தயாராக இருந்தும் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் இடம் தர யோசிக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. வேறு பிரிவில் நுழைந்து பிறகு மாறிக்கொள்ளலாம் என்ற குறுக்குவழியும் சியாட்டிலில் ஏறக்குறைய அடைபட்டது என்றாள்.

நம் என்.ஐ.டி.யில் வெளியாளுக்கும் உள்ளூர்க்காரருக்கும் ஒரே கட்டணம். ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் கல்விக் கட்டணம், விடுதிச் செலவு தனி. குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குள் என்றால் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. 1 முதல் 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு வருமானம் பாராமல் முழுத் தள்ளுபடி. கட்டணத் தொகையைக் கேட்டவுடன் எழுந்து போகப் பார்க்கும் குடும்பங்களை நான் இந்த விவரத்தைச் சொல்லித்தான் உட்கார வைக்கிறேன். அதே நேரம், தமிழ்நாட்டுக் கவுன்சலிங்கில் கிடைக்கும் முதல் பட்டதாரிச் சலுகை அங்கே வராது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் நம் கவுன்சலிங்கோடு முடிந்துவிடும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பிள்ளை, வெளியே போனால் எதை விட்டுப் போகிறது என்று ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும்.

என் சொந்தக் கருத்தையும் சொல்லிவிடுகிறேன், பலருக்குப் பிடிக்காது. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று பெயர் இருந்தால் போதும், எந்த மாநிலமானாலும் எந்தக் கல்லூரியானாலும் பரவாயில்லை என்பது இப்போது பரவியிருக்கும் மனநிலை. அந்த இடம் இன்று அரிதான பொருளே அல்ல. 2024-25 முதல் பொறியியல் கல்லூரிகள் சேர்க்கும் மாணவர் எண்ணிக்கைக்கு இருந்த உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. அதன்பிறகு சிவிலையும் மெக்கானிக்கலையும் சுருக்கி, கம்ப்யூட்டர் சயின்ஸையும் செயற்கை நுண்ணறிவையும் கல்லூரிகள் பெருக்கிக்கொண்டிருக்கின்றன. நல்ல ஆசிரியரும் நல்ல சக மாணவர்களும் இருக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்புதான் அரிது. அது வெளிமாநிலத்தில் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். சுரத்கல், வாரங்கல், கோழிக்கோடு கிடைக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் என் கடையிலிருந்து நடக்கும் தூரத்தில், 1957இல் கருமுத்து தியாகராசன் செட்டியார் தொடங்கிய தியாகராசர் பொறியியல் கல்லூரி இருக்கிறது. 1794இல் தொடங்கிய கல்லூரி கிண்டியில் இருக்கிறது, கோவையில் பி.எஸ்.ஜி. இருக்கிறது. இவற்றில் இடம் கிடைக்கும் கட்-ஆஃப் வைத்திருக்கும் பிள்ளையை, வெளிமாநிலம் என்ற கவர்ச்சிக்காக மட்டும் பெயர் தெரியாத தனியார் கல்லூரிக்கு அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மேலூர்ப் பெண்ணுக்குக் கோழிக்கோட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தது, பெண்கள் மட்டும் வரியில். தாய்க்குத் திருச்சி என்றால் வைகை எக்ஸ்பிரஸில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்ற எண்ணம். அங்கே வேறு பிரிவு கிடைத்தாலும் போதும் என்றார். மகள் கேட்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அது அவர்கள் வீட்டு விவகாரம்.

ஆலோசகர்களைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். ஏப்ரல், மே மாதங்களில் பக்கத்து மாநிலத் தனியார் கல்லூரிகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு மதுரை ஹோட்டல் அரங்குகளில் கூட்டம் போடுகிறார்கள். "இன்றே ஒரு லட்சம் கட்டினால் கம்ப்யூட்டர் சயின்ஸ் உறுதி, அடுத்த வாரம் போனால் இரண்டு லட்சம் கூடுதல்" என்பார்கள். அந்தச் சமயத்தில் ஜோசா தொடங்கியே இருக்காது. கர்நாடகத் தனியார் கல்லூரிகளில் வெளிமாநிலத்தவர் முறையாகச் சேர காமெட்-கே என்ற தேர்வு இருக்கிறது. அதற்கென்று கவுன்சலிங்கும் ரேங்க் பட்டியலும் உண்டு. அரங்கில் பேசுகிறவர் அதை மட்டும் சொல்ல மாட்டார்.

நாட்காட்டியைப் பாருங்கள். ஜோசா ஜூனில் தொடங்கி ஜூலை நடுவில் முடிகிறது. தமிழ்நாட்டுப் பொதுப்பிரிவுக் கவுன்சலிங் சூடுபிடிப்பது ஜூலை பாதிக்குப் பிறகுதான். வெளியே என்ன கிடைத்தது என்று தெரிந்துகொண்ட பிறகே உள்ளூரில் முடிவெடுக்க ஏறக்குறைய எல்லா ஆண்டும் நேரம் இருக்கிறது. மே மாதத்தில் அவசரப்படுத்துகிறவருக்கு அவசரம் அவருடைய கமிஷனில்.

ஏற்கனவே கட்டிவிட்டீர்களா? படிப்பு தொடங்குவதற்கு முன் இடத்தை விட்டுவிட்டால், ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற கல்லூரி 1,000 ரூபாய்க்கு மேல் பிடித்துக்கொள்ளக் கூடாது. அசல் சான்றிதழ்களையும் பிடித்து வைக்கக் கூடாது. இந்த விதியை அச்செடுத்து இணைத்து, கல்லூரி முதல்வருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம், ஏ.ஐ.சி.டி.இ.யின் குறைதீர்ப்புத் தளத்தில் ஒரு புகார், இரண்டையும் ஒரே நாளில் அனுப்புங்கள். விடுதிக்கென்று கட்டியது, பேருந்துக்கென்று கட்டியது, முகவர் கையில் ரசீது இல்லாமல் கொடுத்தது ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள். ரசீது இல்லாததுதான் திரும்ப வருவது கடினம். ஆகவே அரங்கிலேயே ரசீது கேளுங்கள். கேட்டவுடன் பேச்சு மாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.